பத்து வயது நாயின் மருந்துச் சீட்டு

குட்டி வாங்கப் போகும்போது நாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். தாய் தகப்பன் எப்படி, சான்றிதழ் உண்டா, காது நிற்குமா, விலையில் கொஞ்சம் குறைக்க முடியுமா? பத்து வருஷம் கழித்து இதற்கு மாதாமாதம் மருந்துச் செலவு எவ்வளவு ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விற்பவர் சிரித்திருப்பார்.

லாப்ரடார் 10, 12 வருஷம் இருக்கும். பொமரேனியன் என்று நாம் கூப்பிட்டு வளர்த்த அந்த வெள்ளை ஸ்பிட்ஸ் இன்னும் இரண்டு வருஷம் கூடவே இருக்கும். வீட்டோடு கிடக்கும் பூனை 15-ஐயும் தாண்டும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசி மூன்று நான்கு வருஷம்தான் செலவு பிடிக்கும் என்பதையும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கலாம். மூட்டு வலி, சர்க்கரை, இதயம், கிட்னி, கண் புரை, ஆடுகிற பல் என்று அவர்களுக்கு வருவதெல்லாம் இவற்றுக்கும் வருகிறது. பெரியவர்கள் புலம்பியாவது நம்மை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடுவார்கள். இவை புலம்பாது. அது நமக்கு வசதியாகப் போயிற்று.

மாடிப்படி ஏறத் தயங்கியது, வயசாயிடுச்சு என்றோம். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியானது, வெயில் காலம் என்றோம். வாய் நாறியது, நாய் என்றால் நாறத்தானே செய்யும் என்றோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம், ஒவ்வொரு சமாதானத்திலும் ஒரு கிளினிக் பில் மிச்சம். ஆனால் அது மிச்சமே இல்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறித் தெரியும்போது நாயின் சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். அதிகத் தாகமும் தண்ணீர் மாதிரி வெளுத்த சிறுநீரும் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சேதி சொல்லிவிடும். அப்போது போயிருந்தால் சாப்பாட்டை மாற்றி, ஓரிரு மாத்திரையில் கொஞ்ச காலமாவது ஓட்டியிருக்கலாம். நாம் போனது, அது சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்த பிறகு. தினமும் டிரிப்ஸ், நாலைந்து நாளுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. நாய் வளர்ப்பே பணக்காரர்கள் சமாச்சாரமாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டது அந்த வாரத்தில்தான்.

பெண் நாய்களுக்குச் செய்தது இதைவிட மோசம். கருத்தடை ஆபரேஷன் என்றதும் 'பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே' என்று தள்ளிப்போட்டோம். பாவம் பார்த்தது பாதி, அன்றைய செலவைத் தவிர்த்தது பாதி. சீக்கிரமே கருத்தடை செய்த நாய்க்கு மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். செய்யாமல் விட்டால் எட்டு ஒன்பது வயதில், ஹீட் முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். ஒரு வயதில் சாதாரணமாக முடிந்திருக்க வேண்டிய அதே ஆபரேஷன், விஷம் ஏறிய கிழ உடம்பில், பல மடங்கு செலவில். பில்லைப் பார்த்து டாக்டர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறோம்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. 5 கிலோ நாய்க்கு ஒரு பங்கு என்றால் 35 கிலோ நாய்க்கு ஏழு பங்கு. பெரிய ஜாதி வேண்டும் என்று தேடித் தேடி வாங்கியபோது இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு நம் நினைவுக்கு வரவில்லை. போதாக்குறைக்கு டீ குடிக்கும்போதெல்லாம் பிஸ்கட் போட்டு மேலும் எட்டுப் பத்து கிலோ ஏற்றினோம். அந்த எடை முதலில் மூட்டில் இறங்கியது, பிறகு நம் பர்ஸில். வீடு முழுக்க வழவழவென்று டைல்ஸ் வேறு. மூட்டு தேய்ந்த நாய் எழுந்திருக்கப் பார்க்கும், பின்னங்கால் இரண்டும் இரு பக்கமாக வழுக்கிப் பரவும், மறுபடி உட்கார்ந்துவிடும். பழைய கோணிச் சாக்கையோ ரப்பர் மேட்டையோ விரித்திருந்தால் போதும். கூடம் அசிங்கமாகத் தெரியும் என்று அதையும் செய்யவில்லை.

சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் இதய வால்வு கெடுவது சகஜம். இதயம் பெருத்து, ஆனால் மூச்சு வாங்க ஆரம்பிக்காத நாய்க்கு பிமோபென்டான் என்ற மருந்தைக் கொடுத்தால், இதயம் செயலிழக்கும் கட்டம் ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போவதாக 2016-இல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. நாயின் ஆயுளில் 15 மாதம் லேசான சமாச்சாரமா? ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். முதல் மாதம் ஒழுங்காகக் கொடுக்கிறோம். மாத்திரையை வாழைப்பழத் துணுக்குக்குள் ஒளித்து நீட்டினால் அது பழத்தை மட்டும் பக்குவமாகத் தின்றுவிட்டு, நனைந்த மாத்திரையை ஃபிரிட்ஜ் ஓரத்தில் துப்பி வைத்திருக்கும். அதையும் பொறுத்துக்கொள்கிறோம். மூன்றாம் மாதம் 'இப்பதான் நல்லா இருக்கே' என்று நிறுத்திவிடுகிறோம். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதில்லை, அந்த மாத பட்ஜெட் தோன்றவிடுவதில்லை.

இதற்கு நடுவே மெடிக்கல் ஷாப் வைத்தியம் வேறு. நொண்டுகிறதே என்று நமக்கு வாங்கிய வலி மாத்திரையில் பாதியை ஒடித்துப் போட்டோம். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் டாக்டரே சொல்லியிருப்பார்.

உண்மையில் கையில் இல்லாதவர்கள் உண்டு. ஓய்வூதியத்தில் ஓட்டுகிறவர்கள், தினக்கூலிக்காரர்கள். அவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இருந்த சிக்கல் கூச்சம். கிளினிக்கில் டாக்டர் எழுதிக்கொடுத்ததற்கெல்லாம் தலையாட்டினோம், பணம் கட்டினோம், அடுத்த வாரம் போகவில்லை. 'இவ்வளவுதான் முடியும் டாக்டர், இதில் எது அவசியம்?' என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார்கள். இதய நோய் நாய்க்குக் கொடுக்கும் ஃபுரோசிமைடு, எனலாப்ரில் எல்லாம் மனிதர்கள் சாப்பிடும் அதே மருந்துதான். டாக்டர் எடை பார்த்து எழுதித் தந்தால் ஜெனரிக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும், அரை நாள் போகும். அந்த அரை நாள் லீவைத்தான் நம்மால் போட முடியவில்லை.

அதற்கும் கீழே இறங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காப்பகத்து வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள், ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள். 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடந்து வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். பக்கத்து வீட்டு நாயைச் சில நாளாகக் காணோமே என்று தெரிந்தும், எங்கே என்று கேட்காமல் காபி குடித்துவிட்டு வந்தவர்கள் நாம்தான்.

கிராமத்தில் இரண்டு மாடு வைத்திருப்பவர் கடன் வாங்கும்போதே மாட்டை இன்ஷூர் செய்து, காதில் வில்லை மாட்டி ஓட்டிக்கொண்டு போகிறார். நாய்க்கும் பூனைக்கும்கூட பாலிசி இருக்கிறது. வயது ஏறியபின் புதிதாகச் சேர்வது கடினம், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் வராது. அது வேண்டாமென்றால் தபால் ஆபீஸ் ஆர்.டி. போதும். மாதம் 500 ரூபாய், 10 வருஷத்தில் வட்டி இல்லாமலே 60,000. குட்டியாக இருக்கும்போது பிறந்தநாள் கேக்குக்கும் சட்டைக்கும் போட்டோவுக்கும் போனதை நினைத்தால் இது பெரிய தொகையில்லை.

2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது நிறையப் பேர் குட்டி வாங்கினோம். அவை நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. போன நாய்க்குச் செய்யாததை இதற்குச் செய்ய இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஏழு வயதை நெருங்கும் நாயோ பூனையோ இருந்தால் இந்த மாதமே ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள், பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், எடையைக் குறித்து வாங்கி வாருங்கள். செலவு கையை மீறினால் கூச்சப்படாமல் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.