கண்ணாலும் நலம் விசாரியுங்கள்

நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமின் கடமை. "சுகமா?" என்றால் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், வேதனையை நாவு மறைத்துவிடும். ஆதலால் உற்று நோக்குங்கள். 1859இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய செவிலியர் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

நம் மாநிற மேனியில் வெளிறல் எளிதில் புலப்படாது. கீழிமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை ஆகியவற்றைப் பாருங்கள். முன்குனிந்து அமர்ந்து, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க இயலாமல் திணறுகிறாரா? வாய் திடீரென ஒருபுறம் கோணியதா? தாமதியாமல் மருத்துவமனை செல்லுங்கள். ஐவேளையும் தவறாது ஒளுச் செய்தவர் உடைமாற்றவும் மனமின்றிக் கிடப்பதும், சென்ற பெருநாளுக்குத் தைத்த சட்டை தொளதொளப்பதும் செய்திகளே.

மாமியாரின் நோயை மாமனாரே மருத்துவரிடம் உரைக்கும் வீடுகளில் (நோயாளியே பேசுவது மேல்), அவர் கவனியாததை நீங்கள்தாம் சொல்லியனுப்ப வேண்டும். என்று தொடங்கியது என்பதையும் சேர்த்து.