கடை நேரமும் பெற்றோர் நேரமும்



கடையில் எந்தச் சரக்கு என்று தீரும் என்பது நமக்கு அத்துப்படி. வாப்பாவின் சர்க்கரை மாத்திரை என்று தீரும்? பதில் சொல்ல முடிகிறதா?

மாத்திரை போட்டவர், நீங்கள் கடையடைத்து வரும்வரை பசியோடு காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கக் கூடும். அவர்களின் உணவு வேளை உங்கள் கடை நேரத்தைப் பார்த்து அமையலாகாது. முதுமையில் தாக உணர்வு மங்கும். கேட்குமுன் தண்ணீர் கொடுங்கள். முதியோருக்கும் வாரம் குறைந்தது 150 நிமிட உடலசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஸருக்குப் பள்ளிவாசல் வரை உடன் நடந்து செல்லுங்கள். இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும். ரமளான் பிறக்குமுன்பே மருத்துவரிடம் ஆலோசியுங்கள்.

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளுக்காக 2007-ல் சட்டமே வந்துவிட்டது. அது பராமரிப்புத் தொகையை வாங்கித் தரும். உடன் நடக்கும் பிள்ளையைத் தராது. இன்றிரவே அவர்களுடன் அமர்ந்து நேர அட்டவணை எழுதுங்கள்!