பாடினாளா, பாடுவாளா?

அந்நிய பாஷை ஒன்றைப் பயிலுகிறவர்களுக்கு அதன் சொற்கள் அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. காலம் காட்டும் விகுதிகளே தொல்லை கொடுக்கின்றன. ஸ்பானிஷ் பாஷையை நாம் பயிலத் தொடங்கிய புதிதில் இதை அனுபவத்தில் கண்டோம்.

காலஞ்சென்ற நம் தாயாரைக் குறித்து ஒரு வாக்கியம் எழுதும்போது, 'பாடினாள்' என்பதற்குக் 'கான்தோ' என்ற சொல்லை இட்டோம். கற்பித்தவர் அதைப் பார்த்துவிட்டு, "என்றைக்குப் பாடினார்கள்?" என்று கேட்டார். நாம் திகைத்துப் போனோம். அந்திதோறும் விளக்கேற்றிய பின் பாடிய பாட்டுக்குத் தேதி ஏது? அவர் அச்சொல்லை அடித்துவிட்டு, 'கான்தாபா' என்று எழுதினார்.

ஸ்பானிஷில் ஒரே சொல்லாக நிற்கும் இறந்தகால வினைக்கு இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. ஒன்று, நடந்து முடிந்த செயலை முழுமையாகக் காட்டுவது. மற்றொன்று, முடிவைக் கருதாமல், முன்பு வழக்கமாக நிகழ்ந்து வந்ததையோ, அச்சமயம் நிகழ்ந்துகொண்டிருந்ததையோ காட்டுவது. 'கான்தோ' முதல் வகை. 'கான்தாபா' இரண்டாம் வகை.

இரண்டாம் வகையை அமைப்பது சுலபம். 'ஆர்' என்று முடியும் வினைகள் படர்க்கை ஒருமையில் 'ஆபா' என்றாகும்; 'ஏர்', 'ஈர்' என்று முடிபவை 'ஈயா' என்றாகும். 'கான்தார்' கான்தாபா ஆவது போல, உண்ணுதலைக் குறிக்கும் 'கொமேர்' கொமீயா ஆகும். இவ்விதிக்கு அடங்காதவை இருத்தல், போதல், பார்த்தல் என்ற பொருளுள்ள மூன்றே வினைகள். அவை முறையே ஏரா, ஈபா, வேயீயா என வரும்.

ஆனால் பலமுறை நடந்ததெல்லாம் வழக்கமாகிவிடாது. 'மூன்று தரம் பாடினாள்', 'பத்து வருஷம் பாடினாள்' என்று எண்ணோ எல்லையோ இட்டு முடித்துச் சொன்னால், மறுபடியும் 'கான்தோ' தான் வரவேண்டும்.

தமிழர்களுக்கு இங்கே ஓர் உதவியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. "அந்தக் காலத்தில் அம்மா தினமும் பாடுவாள்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். 'பாடுவாள்' எதிர்கால வினை என்று பள்ளியில் கற்பிக்கிறோம். ஆயினும் பழைய வழக்கத்தைச் சொல்ல அதுவே நம் நாவில் வருகிறது. அதை நம்பி ஸ்பானிஷிலும் எதிர்காலத்தைப் போட்டுக் 'கான்தரா' என்றால், அம்மா இனிமேல்தான் பாடப் போகிறாள் என்று பொருளாகும். ஆகையால், பழங்கதை பேசும்போது தமிழில் 'பாடுவாள்' என்று வருமிடத்தில் 'கான்தாபா' என்று கொள்ளுக. 'பாடுவது வழக்கம்' என்று அழுத்திச் சொல்லவேண்டுமானால், 'ஸோலீயா கான்தார்' என்றும் சொல்லலாம்.

இலக்கணம் வறண்ட சாஸ்திரம் என்பார் பலர். நாமும் ஒருகாலத்தில் அப்படி எண்ணியதுண்டு. ஒரு நாள் பாட்டாக நாம் எழுதிவிட்டதை நம் தாயாரின் நித்திய வழக்கமாக அந்த ஒரு திருத்தம் மாற்றித் தந்த பிறகு, அவ்வாறு எண்ணுவதில்லை.