வாயசைத்தால் போதும், சத்தம் வரக்கூடாது

‘லாஸ் நின்யாஸ்’ என்றொரு ஸ்பானியப் படம். ‘சிறுமிகள்’ என்று அர்த்தம். பிலார் பலோமெரோ என்ற பெண் இயக்குநரின் முதல் முழுநீளப் படம். 2021 இல் ஸ்பெயினின் கோயா விருதுகளில் சிறந்த படம் உட்பட நான்கு விருதுகளை வென்றது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பாடசாலையில் படிக்கும் பதினொரு வயது செலியாவின் கதை.

இப்படியான படங்களைப் பற்றி வாய் திறந்தாலே இரண்டு பதில்கள் வரும். “மதத்தைக் கேவலப்படுத்தும் படம், பிள்ளைகளைக் கெடுக்கும்” என்பது ஒன்று. “பார்த்தீங்களா கொன்வென்டுகளின் இலட்சணத்தை” என்று மற்றவர் வீட்டுக் குறையில் மகிழ்வது இன்னொன்று.

இரண்டுமே பிழை என்கிறோம்.

கதை நடப்பது 1992 இல், சரகோசா நகரில். சர்வாதிகாரி பிராங்கோ இறந்து 17 வருடங்கள். பார்சிலோனாவில் ஒலிம்பிக், செவில்லில் உலகக் கண்காட்சி. நாங்கள் நவீன தேசம் என்று ஸ்பெயின் உலகத்துக்குக் காட்டிய வருடம் அது. செலியாவின் வகுப்பறைக்குள் மட்டும் பழைய காலம் அப்படியே இருந்தது.

படம் தொடங்குவது பாடகர் குழுப் பயிற்சியில். சில பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது என்பது கட்டளை. முழுப் படமும் அந்த ஒரு கட்டளைக்குள் அடங்கிவிடுகிறது.

அந்தக் கன்னியாஸ்திரிகள் அரக்கிகள் அல்லர். செலியாவின் தாயும் கெட்டவள் அல்லள். தனியாக உழைத்து மகளை வளர்க்கிறாள். ஆனால் தகப்பனைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். தாய் சொல்லாததைச் சக மாணவிகள் சொல்கிறார்கள், கேலியாக. பாடசாலையும் வீடும் சேர்ந்து கட்டிய மௌனம் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. அவளைக் கேலிக்காரரிடம் ஒப்படைத்தது.

எங்கள் வாதம் இதுதான். நாம் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்பது பெரியவர்கள் தமக்குத் தாமே சொல்லும் பொய். தெரியவரும். செலியாவுக்கு விளையாட்டுப் பேச்சில் தெரியவந்தது. இன்றைய பிள்ளைக்குக் கைபேசியில் தெரியவரும். பாதி பொய்யாக, முழுக்க வெட்கமாக.

“அப்படியென்றால் ஒழுக்கம் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்காகத்தான் பேசச் சொல்கிறோம். கேள்வி கேட்கப் பயந்த பிள்ளையிடம் இருப்பது ஒழுக்கம் அல்ல, நடிப்பு. வாயசைப்பு. அந்தப் பிள்ளைக்கு நாளை யாராவது தீங்கு செய்தாலும் அதே வாயசைப்புத்தான் மிஞ்சும். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லாது. இதைவிடப் பெரிய ஆபத்து எந்தப் படத்தில் இருக்கிறது?

ஆசிரியர்களே, சுகாதாரப் பாடத்தில் பூப்பு பற்றிய பகுதி வரும்போது “வீட்டில வாசிங்க” என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். வெட்கமாக இருந்தால் பெண் ஆசிரியை ஒருவரை அழைத்து நடத்துங்கள். ஆனால் நடத்துங்கள்.

பெற்றோரே, மகள் கேட்கும் கேள்வி அசிங்கமானது அல்ல. அவள் அதை உங்களிடம் கேட்கிறாள் என்பது உங்கள் மீதுள்ள நம்பிக்கை. ஒரு தடவை அதட்டினால் அடுத்த தடவை வேறு யாரிடமோ கேட்பாள். அந்த “வேறு யாரோ” யார் என்று உங்களுக்குத் தெரியுமா?