பெரியவர் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்

வாக்குவம் கிளீனரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், வீட்டில் அதைத் தள்ளப்போகிறவர் இன்னொருவர். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த மெஷின் பரணுக்குப் போய்விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மதுரையில் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன்பாக்ஸோடு வாக்குவம் கிளீனரும் பழுது பார்க்கிறவன் நான். மற்ற சாமான்கள் ஏதாவது கெட்டுப்போய்த்தான் கடைக்கு வரும். இது மட்டும் அடிக்கடி நல்ல நிலையிலேயே வந்து நிற்கும்.

சமீபத்தில் ரிடையரான டீச்சர் ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்தார். நின்றபடி தள்ளுகிற, ஒயர் இல்லாத ஸ்டிக் ரகம். மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. “ரெண்டு நிமிஷத்துல நின்னு போயிடுது தம்பி” என்றார். சார்ஜ் போட்டு ஓட்டிப் பார்த்தேன், நிற்கவே இல்லை. “நீங்க ஓட்டிக் காட்டுங்க டீச்சர்” என்று அவர் கையிலேயே கொடுத்தேன். விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிற சுவிட்ச் அது. என் பெஞ்சுக்கு அடியில் மெஷினை நீட்டியதும் விரல் தளர்ந்தது, மோட்டார் நின்றது. அவருக்கு விரல் மூட்டெல்லாம் தேய்மானம். ஒருமுறை தட்டினால் தானாக ஓடுகிற சுவிட்ச் உள்ள மாடல் அதே கம்பெனியிலேயே இருக்கிறது. மகளுக்கு அது தெரிய வழியில்லை. அவர் படித்தது வாட் கணக்கை.

வாட் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதற்கான கணக்கு. எவ்வளவு தூசி இழுக்கும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. 2017இல் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அதற்காக அங்கே யார் வீட்டிலும் தூசி மண்டிவிடவில்லை.

பெரியவர்களுக்கு முக்கியம் எடை. அதிலும், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஸ்டிக் ரகம் பெரும்பாலும் இரண்டரை, மூன்று கிலோ. வெளிநாடுகளில் கார்ப்பெட்டுக்காகச் செய்யும் அசல் அப்ரைட் ஆறேழு கிலோ வரும். ஸ்டிக்தான் லேசு என்று தோன்றும். ஆனால் பல ஸ்டிக் மாடல்களில் மோட்டார், பேட்டரி, தூசி டப்பா மூன்றும் கைப்பிடியை ஒட்டியே இருக்கின்றன. பாரம் முழுவதும் மணிக்கட்டில் தொங்கும். ஒட்டடை அடிக்க அது தோது. ஹால் முழுக்கத் தள்ளினால் சாயங்காலம் தைலம் தேட வேண்டியதுதான். அப்ரைட்டில் இருப்பதுபோல மோட்டார் கீழே இருந்தால் பாரத்தைச் சக்கரம் தாங்கிக்கொள்ளும், கை தள்ளினால் போதும். மாடிப்படி ஏறி இறங்குகிற வீடென்றால் கதை வேறு. அங்கே ஆறு கிலோவை யார் தூக்குவது? ஆகவே எல்லாருக்கும் பொருந்துகிற மாடல் என்று ஒன்றைக் காட்டுகிற விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

இந்த அப்ரைட் ரகத்துக்கு வழி திறந்தவரே அறுபதை நெருங்கிய ஒரு ஆஸ்துமாக்காரர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். கூட்டும்போது கிளம்பிய தூசி தாங்காமல், ஃபேன் மோட்டாரையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்து ஒரு மெஷின் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கித்தான் ஹூவர் பெரிய கம்பெனி ஆனது. தன் உடம்புக்கு எது ஒத்துவரவில்லையோ, அதிலிருந்து ஆரம்பித்தார் மனிதர். நாம் விளம்பரத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

அடுத்தது தூசி டப்பா. இழுத்த தூசியைக் கொட்டும்போது முகத்தில் அடித்தால் வீசிங் இருப்பவருக்கு மெஷின் வாங்கியே பயனில்லை. அவர்களுக்குப் பை வைத்த ரகம் மேல். பைச் செலவைத் தாங்கிக்கொள்ளலாம். கோலமாவு மாதிரி நைஸான பொடி ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கழுவிய ஃபில்டரை ஒரு நாள் முழுக்கக் காயவிடாமல் மாட்டி நாற்றத்தோடு கொண்டுவருகிறார்கள். பிரஷ் ரோலரில் நீள முடி சுற்றிக்கொள்ளும். கத்தரிக்கோல் இல்லாமல், கண்ணாடியைத் தேடாமல், ரோலரைக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ரோலரை நிறுத்தி வைக்கவும் வசதி வேண்டும். இல்லையென்றால் டைல்ஸ் தரையில் சிந்திய அரிசியை அது நாலு பக்கமும் தெறிக்கவிடும்.

ஒயர் காலில் தடுக்கும். அதனால் தனியாக இருக்கும் பெரியவருக்கு ஒயர் இல்லாததே நல்லது; பேட்டரி மட்டும் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்கட்டும். சார்ஜர் பாயின்ட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, கடைக்காரன் சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்கிறேன். ஒரு ஹாலும் ஒரு ரூமும் மட்டும் உள்ள டைல்ஸ் வீட்டுக்கு, நீளக் கம்பு வைத்த துடைப்பமும் மாப்பும் போதும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் அம்மாவையோ அப்பாவையோ கடைக்குக் கூட்டிப்போங்கள். சார்ஜ் ஏற்றிய ஒரு பீஸை வெளியே எடுத்துவைத்து, அவர்களே சுவிட்ச் போட்டு, தள்ளி, டப்பாவைத் திறந்து மூடிப் பார்க்க விடச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கமாட்டோம் என்கிற கடையாக இருந்தால், எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.