கையேந்தல் அன்று, கட்டிய பணம்!



அண்மையில் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் உரையாற்றினார். "நம் இனம் எதற்கெடுத்தாலும் உதவி, உதவி என்று அலுவலக வாசலில் நிற்கிறது. நோய் வந்தால் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். கையேந்திப் பழகிய சமுதாயம் முன்னேறாது" என்றார். அரங்கம் கைதட்டியது. என்னால் கைதட்ட முடியவில்லை. ஐந்தாம் ஆண்டில் என்னிடம் பயின்ற ஒரு மாணவியின் முகம் கண்முன் வந்து நின்றது.

2023-ஆம் ஆண்டில் அம்மாணவி அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருந்தாள். காரணம் கேட்டேன். "அப்பாகூட ஆபிஸுக்குப் போனேன் டீச்சர். பாரத்துல இருக்குற மலாய் அப்பாவுக்குப் புரியாது. நான்தான் படிச்சுச் சொல்லணும்" என்றாள். பதினொரு வயதுக் குழந்தை, தன் தந்தை இனி உழைக்க இயலாதவர் என்று எழுதப்பட்ட மருத்துவ அறிக்கையை அவருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறாள்!

அவள் தந்தை ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவர். இனிப்பு நீர் நோயால் 2021-இல் ஒரு கால் அகற்றப்பட்டது. பின்னர்ச் சிறுநீரகமும் பழுதானது. வேலை நின்றது. அவரைச் சந்தித்தபோது, "ஏன் ஐயா இவ்வளவு காலம் சொக்சோவுக்கு விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டேன். "அது வேலை இடத்துல அடிபட்டாத்தானே டீச்சர் கொடுப்பாங்க? எனக்கு வந்தது நோய்தானே? அதோட, நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு இருந்துச்சு" என்றார்.

இந்த இரண்டு விடைகளும்தாம் அந்தக் குடும்பத்தைக் கவிழ்த்தன. முதலாவது அறியாமை. இரண்டாவது வெட்கம். இரண்டையும் வளர்த்தவர்கள் நாம்.

முதலில் அறியாமையைப் பார்ப்போம். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள திட்டங்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வேலையில் நேரும் விபத்துக்கும் தொழில் சார்ந்த நோய்க்கும் உரியது. மற்றொன்று இயலாமைத் திட்டம். மலாயில் 'இலாட்' என்பார்கள். இதற்கு நோய் எங்கே வந்தது, எப்படி வந்தது என்ற கேள்வியே இல்லை. வீட்டில் வந்த பக்கவாதமும் சேரும்; பரம்பரையாக வந்த நோயும் சேரும். குணமாகும் வாய்ப்பில்லாத நிலையான பாதிப்பாக இருக்க வேண்டும். அதனால், நலமுள்ள ஒரு தொழிலாளி வழக்கமாகப் பெறும் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவராக இருக்க வேண்டும். இதை மருத்துவக் குழு முடிவு செய்யும். முடிவில் உடன்பாடில்லையேல் மேல்முறையீடும் உண்டு.

இந்தப் பணம் யாருடையது? இயலாமைத் திட்டத்திற்காகத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஏறத்தாழ அரை விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். இரண்டாயிரம் ரிங்கிட் சம்பளக்காரர் மாதந்தோறும் ஏறத்தாழ பத்து ரிங்கிட் கட்டுகிறார். மோட்டார் வண்டிக்குக் காப்புறுதி கட்டியவர், வண்டி நொறுங்கியதும் இழப்பீடு கேட்டால் அவரைப் பிச்சைக்காரர் என்று சொல்வோமா? கூட்டத்தில் பேசிய பெரியவரிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான். தன் உடலுக்காகக் கட்டிய பணத்தைக் கேட்பவன் மட்டும் எப்படிக் கையேந்துபவன் ஆனான்?

இனி, வெட்கத்தின் விலையைப் பார்ப்போம். முழு ஓய்வூதியம் பெறும் வழிகளில் ஒன்று, இயலாமை குறித்து அறிவிக்கும் மாதத்திற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருப்பது. நாற்பதில் இருபத்து நான்கைக் கழித்தால் பதினாறு. நம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் போடும் கணக்கு! வேலையை விட்ட பிறகு சந்தா நின்றுவிடுகிறது. நாள்காட்டி நிற்பதில்லை. இவ்வழியை நம்பியிருப்பவர் பதினாறு மாதத்திற்கு மேல் தாமதித்தால், இடைவிடாது கட்டியவராக இருந்தாலும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

வேறு வழிகளும் உண்டு. முதன்முதலில் சந்தாவுக்கு உட்பட்ட காலம் முதல் அறிவிப்பு வரையுள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு கட்டியிருந்தால் முழு ஓய்வூதியம். மூன்றில் ஒரு பங்கு என்றால் குறைந்த ஓய்வூதியம். இரண்டிலும் மொத்தம் 24 மாதமாவது கட்டியிருக்க வேண்டும். ஆனால், இடம் மாறி மாறி வேலை செய்த நம்மவர் பலருக்கு இக்கணக்கு தேறுவதில்லை. இடையில் பல முதலாளிகள் சந்தாவே கட்டியிருப்பதில்லை.

என் மாணவியின் தந்தைக்கும் அதுதான் நேர்ந்தது. கடைசி வேலையில் 36 மாதம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. வேலை நின்ற உடனே விண்ணப்பித்திருந்தால் சந்தாத் தகுதியில் தடையே இருந்திருக்காது. அவர் 26 மாதம் கழித்து விண்ணப்பித்தார். நாற்பது மாதத்தில் எஞ்சியிருந்தது 14 மாதச் சந்தா. முந்தைய வேலைகளில் பெரும்பாலும் கையில் ரொக்கச் சம்பளம். மூன்றில் ஒரு பங்கும் தேறவில்லை. கிடைத்தது, ஒரு முறை கொடுத்து முடிக்கும் சிறு தொகை.

அவர் இழந்தது என்ன? இயலாமை நீடிக்கும் வரை மாதந்தோறும் வரக்கூடிய ஓய்வூதியம். அதன் குறைந்தபட்ச அளவு 2018 முதல் 550 ரிங்கிட். தகுதி பெற்றோருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செலவிலும் உதவி உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, ஓய்வூதியம் பெறுபவர் இறந்தால் அது துணைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொடரும். பிள்ளைக்கு 21 வயது வரையிலும், முதல் பட்டப்படிப்பில் இருந்தால் அதை முடிக்கும் வரையிலும் கிடைக்கும். இழந்தவர் தந்தை மட்டும் அல்லர். என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த அந்தக் குழந்தையும்தான்!

"சொக்சோ, இ.பி.எஃப். எதுவும் பிடிக்க வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள்" என்று கேட்கும் பெற்றோர்களே, அந்தச் சில ரிங்கிட் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணமாக மாறக்கூடியது என்பதை உணருங்கள். "நம்ம ஆள்தானே" என்று சொல்லிச் சந்தா கட்டாத முதலாளிகளே, அது சலுகை அன்று, குற்றம். பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இறுதியாக, என் போன்ற ஆசிரியர்களுக்கு. நிரந்தர அரசு ஊழியரான நாம் இச்சட்டத்திற்குள் வருவதில்லை. நமக்கு அரசின் ஓய்வூதியமும் மருத்துவ விடுப்பும் உண்டு. அதனால் நமக்குச் சொக்சோ தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. "இதுவும் ஆசிரியர் வேலையா? பாடத்திட்டம், அறிக்கை, இணையப் பதிவு என்று ஏற்கெனவே மூச்சு முட்டுகிறதே" என்பீர்கள். நியாயம்தான். ஆசிரியர் வழக்கறிஞராக வேண்டாம். ஆனால், வீட்டில் சம்பாதிப்பவர் படுத்துவிட்டதை அக்கம்பக்கத்தார்க்கு முன்பே அறிபவர் வகுப்பாசிரியர். கட்டணம் தாமதமாகும்போதே, காலணி கிழிந்திருக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று ஒரு வாக்கியம் சொல்லலாமே: "நோயென்றாலும் சொக்சோ உண்டு, இந்த மாதமே போய்க் கேளுங்கள்."

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு மூன்று வேண்டுகோள். ஆண்டின் முதல் கூட்டத்தில் ஒவ்வொரு பெற்றோரும் தம் சந்தா முறையாகக் கட்டப்படுகிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். இல்லத்தரசிகளுக்கு ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் 2022 முதல் தனித் திட்டம் இருப்பதையும் தாய்மார்களுக்குக் கூறுங்கள். அதிலும் இயலாமைப் பாதுகாப்பு உண்டு. பாரம் வாசிக்கவும் உடன் செல்லவும் விவரமறிந்த இரண்டு பேரைச் சங்கமே நியமிக்கட்டும். எந்தக் குழந்தையும் தன் தந்தையின் நோயை மொழிபெயர்க்கப் பள்ளியை விட்டுப் போகக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் எனக்கும் ஐந்து நிமிடம் பேச வாய்ப்புக் கேட்டிருக்கிறேன். கரும்பலகையில் 40 கழித்தல் 24 என்று எழுதப் போகிறேன். கைதட்டல் கிடைக்காமல் போகலாம். ஒரு தந்தையாவது மறுநாள் காலையில் பேருந்து ஏறினால் போதும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!