மேய்க்கால் இழந்த ஆநிரை

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் வைத்து வழங்கிய இனம் தமிழினம். அவ்வினத்தின் வழித்தோன்றலாகிய உழவன் இன்று தன் கொட்டிலில் நிற்கும் இரண்டு கறவைகளைக் காட்டிச் செல்வம் என்று சொல்லத் தயங்குகின்றான். அவை அவனுக்குக் கடன். கடன்பட்டு வாங்கியவை, கடன்பட்டே தீனி இடப்படுபவை, விற்கும்பொழுதும் பழைய கடனை அடைப்பதற்காகவே விற்கப்படுபவை.

செங்கம் வட்டாரத்தில் ஆநிரை மீட்டுப் பட்ட மறவர்க்கு எடுத்த நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. நிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்டலைக் கரந்தை என்றும் பிற்கால இலக்கண நூலார் பிரித்து வகுத்தனர். இன்று நிரை கவர்வோர் வில்லேந்தி வருவதில்லை. மாடு நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அதன் காலடியில் இருந்த புல்நிலமும், அதன் வாய்க்கு வந்த வைக்கோலும், அதன் பாலுக்குரிய விலையும் ஒவ்வொன்றாக உழவன் கையைவிட்டு அகன்றன. இது கூச்சலின்றி நடந்த வெட்சி. ஆதலால் இதற்குக் கரந்தை சூடுவார் எவரும் புறப்படவில்லை.

முதலில் போனது நிலம். ஊர்தோறும் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு பரப்பு இருந்தது. அது எவனுக்கும் உரியதன்று; ஆகவே எல்லார்க்கும் உரியது. அரைக்காணி நிலமும் இல்லாத கூலியாள் இரண்டு மாடு வளர்க்க முடிந்தது அந்தப் புல்வெளியால்தான். அதில் கைவைத்தவர்களைக் கணக்கெடுத்தால் தனியார்க்கு முன்னே அரசின் பெயரே வரும். அலுவலகம் கட்ட இடம் வேண்டுமா, பேருந்து நிலையம் வேண்டுமா, தொழிற்பேட்டை வேண்டுமா, மேய்க்கால் இருக்கவே இருக்கின்றது! சென்னைப் பெருநகரில் மந்தைவெளி என்றொரு பகுதி உண்டு. அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. தமிழ்ப்பெயர் மட்டும் எஞ்சியிருக்கின்றது. சிற்றூர்களில் எஞ்சிய துண்டுகளைச் சீமைக் கருவேல் மூடிக்கொண்டது. அதன் நிழலிலும் முள்ளிலும் புல் தலையெடுப்பதில்லை.

கொங்கு நாட்டின் கொறங்காட்டைக் கண்டவர்க்கே இழப்பின் அளவு விளங்கும். காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் வறண்ட நிலத்தை முள்கிளுவை வேலியால் வளைத்து, நடுநடுவே வெள்வேல மரங்களை நிற்கவிட்டு, கீழே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, பல தலைமுறைகளாக ஓர் ஒழுங்கை உழவர் காத்து வந்தனர். மழை குறைந்த ஆண்டிலும் அப்புல் வேர் சாவதில்லை. மரத்தின் நெற்று கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாகும். வேலியே நிலத்தின் ஈரத்தையும் காக்கும். எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காத இவ்வறிவின் பயனாக வளர்ந்ததே காங்கேயம் மாடு. இன்று அந்நிலம் மனைப்பிரிவுகளாகவும் ஆலை வளாகங்களாகவும் கூறுபோடப்படுகின்றது. அருகே ஓடும் நொய்யலின் கதையோ இன்னும் கொடிது. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். திருப்பூரின் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியது. பாய்ச்சினால் பயிர் கருகும், குடித்தால் மாடு கெடும் என்னும் நிலையில் ஓர் அணை நின்றது. 2011 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அது முற்றியது. ஆடை ஏற்றுமதியால் வந்த அயல்நாட்டுப் பணத்தின் கணக்கு அரசிடம் உண்டு. அந்த ஆற்றங்கரைக் கொட்டில்களின் இழப்புக்குக் கணக்கு எழுதியவர் யார்?

அடுத்துப் போனது வைக்கோல். 1966இல் ஐ.ஆர்.8 வந்தபின் குட்டை நெல் வகைகள் வயலெங்கும் பரவின. நெல் பெருகியது, அதை மறுப்பார் இல்லை. ஆனால் ஆளுயரம் நின்ற பழைய நெல் வகைகள் தந்த நீண்ட வைக்கோல் குறைந்தது. பின்னர் அறுவடைப் பொறி வந்தது. அது தாளை நசுக்கிச் சிதைத்து வயலில் தூற்றிவிட்டுப் போகின்றது. அதைத் திரட்டிக் கட்டுவதற்கு வேறொரு பொறி வேண்டும், அதற்கும் கூலி. கட்டிய வைக்கோலோ சரக்குந்தேறி வெளியூருக்கும் கேரளத்துக்கும் போய்விடுகின்றது. களத்தின் ஓரத்தில் வைக்கோற்போர் எழுப்பி ஆண்டு முழுதும் உருவிப்போட்ட வீட்டில் இன்று கட்டுக்கு விலைகேட்டு வாங்குகிறார்கள். மாடு வளர்ப்பவன் உழவனாயிருந்த நிலை போய், அவன் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கும் ஒரு சிறு வணிகனாகிவிட்டான். வாங்கும் எப்பொருளுக்கும் அவன் விலை சொல்ல முடியாது. விற்கும் ஒரே பொருளுக்கும் சொல்ல முடியாது!

இவ்விடத்தில் தமிழன்பர் பலர்க்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர் கூடினர். உலகம் வியந்தது, அவசரச் சட்டம் பிறந்தது, 2023 மே 18இல் உச்ச முறைமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. நாட்டு மாடு காப்போம் என்னும் முழக்கம் அன்று வானை முட்டியது. ஆனால் காங்கேயம் மாடு நாளொன்றுக்கு இரண்டு மூன்று இலிட்டர்க்கு மேல் கறப்பது அரிது. அது பாலுக்காக வளர்ந்த இனமன்று. உழவுக்கும் வண்டிக்கும் கவலை இறைப்புக்கும் வளர்ந்த இனம். மின்னிறைப்பியும் இழுவை உந்தும் வந்தவுடன் எருது தன் வேலையை இழந்தது. எருதுக்கு வேலையில்லையெனில் அதை ஈனும் ஆவுக்குக் கொட்டிலில் இடமில்லை. பொங்கலன்று காளைக்கு மாலையிட்டுவிட்டு, மறுநாள் கடையில் மலிவான பாலைத் தேடி வாங்கும் நகரத்துத் தமிழன், காங்கேயம் மாட்டை வளர்க்காத உழவனைக் குறைகூறும் தகுதி உடையவனல்லன்.

உழவன் கலப்பினத்துக்கு மாறியது பித்தத்தால் அன்று, வயிற்றால். செர்சியும் ஓல்சுட்டீனும் குளிர்நாட்டு மாடுகள். அவற்றின் குருதி மிகுந்த கறவை நன்றாகத்தான் கறக்கின்றது. ஆனால் வெயில் ஏறினால் அது மூச்சிரைக்கின்றது, தீனி குறைக்கின்றது, பால் வற்றுகின்றது, பருவம் வந்தது வெளியே தெரியாமலே கழிகின்றது. சினை பிடிக்காத ஒவ்வொரு திங்களும் வெறும் தீனிச் செலவு. கறவை மாடொன்று கோடையில் நாளுக்கு எண்பது இலிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். ஆழ்துளைக் கிணறும் வற்றிய ஊரில் அதற்கு எங்கே போவது? கோடை ஆண்டுக்காண்டு கடுமையாகி வரும் காலத்தில், வெப்பம் தாங்கும் நாட்டு மாட்டின் உடற்பண்பைக் கைவிட்டுக் குளிர்நாட்டுக் குருதியை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போவது அறிவுடைமையாகுமா என்று கால்நடைத் துறை எண்ண வேண்டும். மடிவீக்கமும் காணையும் முன்பே இருந்தன. 2022இல் இந்தியா முழுதும் மாடுகளை வீழ்த்திய தோற்கழலை நோய் புதிதாய்ச் சேர்ந்தது. 2018 நவம்பர் 16இல் வேதாரணியத்தில் கரையேறிய கசாப் புயல், உம்பளச்சேரி மாட்டின் தாயகமாகிய கடைமடைப் பகுதியையே சூறையாடிச் சென்றது. எருமையின் நிலையோ கேட்க வேண்டா. 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.8 இலக்கம் இருந்த எருமைகள் 2019இல் 5.2 இலக்கமாயின. அதற்கு மாலையிடவும் ஆளில்லை, முழக்கமிடவும் ஆளில்லை.

இனி விலை. 2019 ஆகசுட்டில் ஆவின் நிறுவனம் ஆன்பாலுக்கு இலிட்டர் 32 உருபா என்று கொள்முதல் விலை வைத்தது. மூன்றாண்டுக்கு மேல் அது அசையவில்லை. அதே காலத்தில் பிண்ணாக்கும் தவிடும் பருத்திக்கொட்டையும் அசையாமல் இருந்தனவா? 2021 மேயில் நுகர்வோர்க்கு இலிட்டருக்கு 3 உருபா குறைக்கப்பட்டது, வாக்காளர் மகிழ்ந்தனர். உழவனுக்கு 3 உருபா கூட்டி 35 ஆக்கியது 2022 நவம்பரில். பின்னும் 3 உருபா ஊக்கத்தொகை 2023 திசம்பர் 18 முதல் வந்தது. பத்து இலிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடற்காப்புக்கும் பாலுக்குமாகச் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ அடர்தீவனம் வேண்டும் என்பது கால்நடை மருத்துவர் சொல்லும் அளவு. அதனோடு பசும்புல், வைக்கோல், மருந்து, கருவூட்டல், பால் வற்றிய நாள்களின் தீனி. விடியல் நான்கு மணிக்கு எழுந்து சாணம் அள்ளிப் பால் கறக்கும் பெண்ணின் உழைப்புக்கு இக்கணக்கில் ஒரு வரி கிடையாது. அவளுக்குக் கூலி எழுதினால் கணக்கு அன்றே முறிந்துவிடும். எழுதாமையால்தான் பால் மலிவாகக் கிடைக்கின்றது.

ஆவின் என்னும் பெயர் அழகிய பெயர். ஆ என்னும் ஓரெழுத்தொருமொழி சாரியை பெற்று ஆன் என்றும் ஆவின் என்றும் நிற்கும். ஆங்கிலத்தையும் வடமொழியையும் நாடாமல் அரசு நிறுவனம் ஒன்றுக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது அரிய செய்தி. அந்தப் பெயரைத் தாங்கிய பையின் மேலேயே 2023 மார்ச்சில் இந்தியை ஏற்ற முயன்றனர். தயிர்ப்பையில் தகி என்று அச்சிட்டுத் தயிர் என்பதை அடைப்புக்குறிக்குள் இடுக என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. தமிழ்நாடும் கன்னட நாடும் கொதித்தெழ, அதே திங்கள் 30ஆம் நாள் அவ்வாணையம் பின்வாங்கியது. தமிழனின் மாடு, தமிழன் தீனி, தமிழச்சி கறந்த பால், உறையிட்டதும் தமிழ்க்கை; உறைந்தபின் மட்டும் அது இந்தியாகிவிட வேண்டுமாம்!

அதற்கிரண்டு திங்கள் கழித்து, குசராத்தின் கைரா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் அமுல் பெயரால் கிருட்டிணகிரிப் பகுதியில் பால் திரட்டத் தொடங்கியதைத் தடுக்குமாறு தமிழ்நாட்டு முதலமைச்சர் நடுவண் அமைச்சர்க்கு மே 25ஆம் நாள் மடல் எழுதினார். எழுதியது சரி. ஒரு மாநிலக் கூட்டுறவின் பால்வட்டத்தில் மற்றொன்று புகாதிருந்த நன்மரபைக் குலைப்பது கூட்டுறவாகாது. ஆனால் மடலால் மட்டும் பால் ஆவினுக்கு வந்துவிடாது. பத்து நாளுக்கொருமுறை தவறாமல் பணம் கொடுப்பவன் வாசலில் நிற்கும்பொழுது, நிலுவை வைக்கும் கழகத்துக்கே பால் ஊற்றுக என்று உழவனிடம் இனப்பற்றைப் பேசுவது கொடுமை. அவன் தனியாரிடம் போனால் காட்டிக்கொடுப்பவனாகான். தமிழர் கூட்டுறவு நிலைக்க வேண்டுமெனில் அது தமிழ்ப்பெயரால் மட்டுமன்றித் தமிழுழவனுக்கு உரிய விலையாலும் நாள் தவறாத கொடுப்பாலும் நிலைக்க வேண்டும்.

சூழலியல் அறிஞர் வேறொரு குற்றச்சாட்டை வைக்கின்றனர். மாடு அசைபோடும்பொழுது ஏப்பத்தில் வெளிவரும் மீத்தேன் வளி, நூறாண்டுக் கணக்கில் கரிவளியைப்போல் இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைத் தேக்குகின்றது என்கின்றனர். கால்நடை வளர்ப்பால் வருவது மாந்தச் செயலால் எழும் வெப்பவளிகளில் 14.5 விழுக்காடு என்று உலக உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் கணக்கிட்டது. இதனை மேலையர் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் உண்மை அன்று. பத்தாயிரம் மாடுகளை ஒரே கூரையின்கீழ் அடைத்துக் காட்டையழித்து விளைத்த தீனியைக் கொட்டும் நாட்டையும், வீட்டுக்குப் பின்னே இரண்டு மாடு கட்டிய நாட்டையும் ஒரே தட்டில் நிறுப்பது மட்டுமே பிழை. இங்குள்ள கேடு வேறுவகை. வெறும் வைக்கோலைத் தின்று இரண்டு இலிட்டர் கறக்கும் அரைப்பட்டினி மாடு, ஒரு இலிட்டர் பாலுக்கு விடும் வளி மிகுதி. நல்ல பசும்புல்லும் அகத்தியும் வேலிமசாலும் கிடைத்தால் பாலும் கூடும். வளியும் பாலளவுக்குக் குறையும். ஆக, மேய்ச்சல் நிலத்தை மீட்பது உழவன் வயிற்றுக்கும் உலகின் வெப்பத்துக்கும் ஒருசேர மருந்து. சாணவளிக் கலனை வீட்டுக்கு வீடு வைக்கத் தடை ஏதுமில்லை. கண்காணிப்பும் பழுதுபார்ப்பும் இல்லாமல் முன்பு வைத்தவை துருப்பிடித்துக் கிடப்பதே குறை.

மேய்ச்சல் என்றவுடன் காடு அழியும் என்பாரும் உளர். பர்கூர் மலையில் மாடும் காடும் நெடுங்காலம் உடன்வாழ்ந்தன. 2022இல் உயர்முறைமன்றம் காட்டுமேய்ச்சலுக்கு முதலில் முழுத் தடையும் பின்னர்ப் புலிகள் காப்பகம், காட்டுயிர்ப் புகலிடம் ஆகியவற்றுக்கு அளவான தடையும் விதித்தது. 2024 தொடக்கத்தில் அப்பகுதிக் காடுகள் தந்தை பெரியார் காட்டுயிர்ப் புகலிடமாயின. புலியைக் காப்பது கடமை. பட்டியில் மாடு அடைத்து வாழ்ந்த மலைமக்களை உசாவாமல் காப்பது முறையன்று. காட்டுக்குள் மேய்ச்சல் சுருங்குமெனில், சமவெளியின் மேய்க்கால் அத்தனையும் விரிந்தாக வேண்டும். அதற்குப் புதிய சட்டமும் வேண்டா. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு எல்லா மாநிலங்களுக்கும் 2011 சனவரி 28இலேயே உச்ச முறைமன்றம் பணித்திருக்கின்றது.

ஒவ்வொரு வருவாய்ச் சிற்றூர்க்கும் நிலப்பதிவேடு ஒன்று உண்டு. ‘அ’ பதிவேடு என்பர். இயக்கத் தோழர் ஒவ்வொருவரும் வரும் ஊரவைக் கூட்டத்துக்குச் சென்று, அதனைக் கொண்டுவந்து படிக்கச் சொல்லுதல் வேண்டும். மேய்க்கால் என்று எழுதப்பட்ட புல எண்கள் எத்தனை, அவற்றுள் இன்று புல் முளைப்பவை எத்தனை, எஞ்சியவை எவர் கையில் உள்ளன என்று கேட்டு, கிடைக்கும் விடையை அங்கேயே ஊர்த்தீர்மானமாக எழுதச் செய்தல் வேண்டும்.